நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர்

சனிக்கிழமை காலை. அவள் டீ டம்ளரை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் கணவன் சாப்பாட்டு மேசையில் இரண்டு காகிதங்களை விரித்து வைத்திருந்தான். ஒன்று, காரின் முழுச் சோதனை அறிக்கை. வண்டி வாங்கி மூன்று வருடம் ஆகிவிட்டதால் ஷோரூம் பணிமனையில் விட்டிருந்தார்கள். வேலை விஷயமாக அந்தப் பக்கம் போன அவனே நேற்று மாலை அதை எடுத்து வந்தான். இன்னொன்று, வாரண்டியை மேலும் இரண்டு வருடத்துக்கு நீட்டிக்கும் படிவம். பழைய வாரண்டி இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் முடிவு சொல்லிவிட வேண்டும்.

அவன் லிப்ட் மெக்கானிக். கம்பெனி வேனிலேயே போய்க் கம்பெனி வேனிலேயே வருகிறவன். கார் முழுக்க அவள் கையில்தான் இருந்தது. சர்வீசுக்கு விடுவதும் எடுப்பதும்கூட அவள்தான். அதனால் அந்த வண்டி எவ்வளவு ஓடியிருக்கிறது என்று அவன் இத்தனை நாளும் பார்த்ததில்லை. நேற்று பார்த்துவிட்டான்.

"நாப்பத்தோராயிரம் கிலோமீட்டர்," என்றான். குரல் உயரவில்லை. "நீ லேபுக்குப் போயிட்டு வர, பாப்பாவை ஸ்கூல்ல விட, கடை கண்ணிக்குப் போக... எப்படிக் கூட்டிப் பாத்தாலும் பதினெட்டாயிரத்தைத் தாண்டல. மிச்சம் எங்க ஓடிச்சு?"

அடுப்படியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மாமியாரின் கை ஒரு நொடி நின்றது. அது அவளுக்கு மட்டும் தெரிந்தது.

இரண்டு வருடமாகப் பொய் சொல்லிப் பழகிய வாய்க்கு அன்றைக்கு ஒன்றும் சரியாக வரவில்லை. மீட்டர் தப்பாகக் காட்டுகிறதோ என்னவோ என்றாள். மெக்கானிக்கிடம் போய்ச் சொல்லக்கூடாத பொய் அது. மீட்டர் தப்பாகக் காட்டாது என்று மட்டும் அவன் சொன்னான். பிறகு போனை எடுத்து, அவள் எதிரிலேயே, அவள் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிற பரிசோதனை நிலையத்தின் மேலாளரைக் கூப்பிட்டான். வியாழக்கிழமை அவள் எத்தனை மணிக்குக் கிளம்புகிறாள் என்று கேட்டான். வியாழக்கிழமை அவங்க வர்றதே இல்லையே சார் என்றார் மேலாளர். மற்ற நாளெல்லாம் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்று அந்த ஒரு நாளை விடுப்பாக வாங்கிக்கொண்டு இரண்டு வருடமாயிற்று என்றும், உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தோம் என்றும் சொன்னார்.

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"வியாழக்கிழமை எங்க போற?"

அவள் அடுப்படியைப் பார்த்தாள். அங்கிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும். வரவில்லை. பட்டாணி ஒவ்வொன்றாகப் பாத்திரத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"சொல்ல முடியாதுங்க. தப்பா எதுவும் பண்ணல. அதை மட்டும் நம்புங்க."

"எதை வெச்சு நம்பச் சொல்ற?"

அவள் படிவத்தை எடுத்து மடித்து அவன் பக்கமே தள்ளினாள். "வாரண்டியெல்லாம் வேண்டாம். வண்டியை வித்துடுங்க. எனக்கு ஓட்டி ஓட்டி அலுத்துப் போச்சு." அன்று காலை அந்த வீட்டில் பேசப்பட்டவற்றில் அதுதான் கலப்பில்லாத உண்மை. ஆனால் அவன் அதைத்தான் பேச்சை மாற்றும் தந்திரமாக எடுத்துக்கொண்டான்.

உண்மை என்னவென்றால், அவள் வியாழக்கிழமைதோறும் மாமனாரைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் மாமனார் என்ற பேச்சே கிடையாது. கணவனுக்குப் பதினோரு வயதாகவும் அவன் அக்காவுக்குப் பதினாறு வயதாகவும் இருந்தபோது, வேறொருத்தியோடு குடித்தனம் செய்யப் போய்விட்டவர் அவர். மாமியார் இஸ்திரி போட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். அக்கா படிப்பை விட்டுவிட்டுத் தையல் ஆலைக்குப் போனாள். அப்பன் ஓடிப்போன வீடு என்று அவளுக்கு வந்த இரண்டு வரன்கள் தட்டிப் போயின. கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயரைப் போடக்கூடாது என்று கணவன் ஒற்றைக் காலில் நின்றான். மருமகளாக வந்த இந்தப் பதினைந்து வருடத்தில் அவள் அந்த மனிதரின் ஒரு படத்தைக்கூடப் பார்த்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நூற்றுப்பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஒரு பராமரிப்பு இல்லத்திலிருந்து மாமியாருக்குப் போன் வந்தது. அந்த இன்னொருத்தி இறந்துவிட்டாள். இவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கேட்பதற்கு ஆளில்லை. மாமியார் போனை வைத்துவிட்டு வெகுநேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பிறகு மருமகளைக் கூப்பிட்டார். "நான் அந்த மனுஷன் மூஞ்சில முழிக்க மாட்டேன். ஆனா அநாதையாக் கெடந்தாருன்னு நாளைக்கு ஒரு சொல் வரக்கூடாது. நீ போய்ப் பாத்துட்டு வா. என் புள்ளைங்களுக்குத் தெரிஞ்சா நான் உயிரோட இருக்க மாட்டேன்," என்று மருமகளின் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

ஒரு முறை என்று போனதுதான். அது ஒவ்வொரு வியாழனும் ஆயிற்று. போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். நகம் வெட்டிவிட்டு, துணி மாற்றி, ஒரு வேளை சோறு ஊட்டிவிட்டு, பள்ளி விடுவதற்குள் திரும்பிவிடுவாள். திரும்பியதும் மாமியார் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "சாப்பிட்டாரா?" அவள் தலையாட்டுவாள். அதற்குமேல் ஒரு வார்த்தை இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை துணி துவைக்கும் இடத்தில் அவள் மாமியாரிடம் மெதுவாகக் கேட்டாள், நீங்களே சொல்லிவிடுங்களேன் அத்தை என்று. மாமியார் நிமிர்ந்து பார்க்காமல், ரெண்டு நாள் பொறுத்துக்கோ, கோபம் தானாக ஆறிவிடும் என்றார். கணவன் சந்தேகப்பட்டது அவளுக்குக் காயம்தான். ஆனால் இந்தப் பதில்தான் அவளை உள்ளே உடைத்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். அண்ணன் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு வாரம் தூங்கினால் போதும் என்றிருந்தது.

பெட்டியோடு கூடத்துக்கு வந்தபோது நாத்தனார் வந்திருந்தாள். தம்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்பது அவள் உட்கார்ந்திருந்த தோரணையிலேயே தெரிந்தது. பெட்டியைப் பார்த்தாள். பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள்.

"எங்கப்பாவும் இப்படித்தான். வேலை இருக்கு வேலை இருக்குன்னு சொல்லிட்டே இருந்து ஒருநாள் வராமப் போனார். பொய் சொல்லிட்டு வெளிய போறவங்க முகம் எப்படி இருக்கும்னு எனக்குப் பதினாறு வயசுலயே பாடம். இந்த முகம்தான்."

அவள் கார் சாவியைக் கணவனுக்கு முன்னால் வைத்தாள். பள்ளிச் சீருடை இஸ்திரி போட்டு அலமாரியில் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

"வாயை மூடுடி."

சொன்னது மாமியார். அடுப்படி வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அந்தக் குரலை அவர்கள் மூவரும் அதுவரை கேட்டதில்லை.

"யாரை யாரோட சேத்துப் பேசற? உங்கப்பன் நம்மள விட்டுட்டுப் போனவர். இவ, நம்ம எல்லாரும் விட்டுட்ட அந்த ஆளைப் போய்ப் பாத்தவ. ரெண்டு வருஷமா. கை கால் விழுந்து கெடக்கார். நான்தான் அனுப்பினேன். சத்தியம் வாங்கிட்டு அனுப்பினேன்."

நாத்தனார் எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். கணவன், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று தாயைக் கேட்டான்.

"பயந்துட்டேன்டா," என்றார் மாமியார். "அவரைத் தள்ளி வெச்ச மாதிரி என்னையும் தள்ளி வெச்சிடுவியோன்னு... இந்த வயசுல நான் எங்க போவேன்? அதுக்காக இவளை வெட்டக் குடுத்துட்டு, உள்ள உக்காந்து பட்டாணி உரிச்சிட்டிருந்தேன். நானெல்லாம் ஒரு மனுஷியா..."

சொல்லிக்கொண்டே வந்து மருமகளின் காலருகில் குனியப் போனார். அவள் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு அவரைத் தாங்கிப் பிடித்தாள். அதுவரை கண் கலங்காதவள், எலும்பும் தோலுமான அந்தத் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். கோபமா, ஆறுதலா, வெறும் களைப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

நாத்தனார் போகும்போது வாசலில் நின்றாள். "உன்னைச் சொன்னது தப்பு. அவரைச் சொன்னது தப்பில்ல," என்றாள். அவள் அளவில் அது பெரிய மன்னிப்பு. அதற்குமேல் அவளிடம் எதிர்பார்க்கவும் முடியாது. படிப்பையும் வயதையும் தொலைத்தவள் அவள்.

சாயந்திரம் கணவன் மாடிப்படியில் வந்து இவள் பக்கத்தில் உட்கார்ந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"லேபுக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி என்கிட்ட இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்," என்றாள் அவள்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

"மாட்டேன். ஆனா கேட்டிருக்கலாம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தப்புதான் என்றான். பிறகு, அப்பா தன்னைப் பற்றிக் கேட்பாரா என்று விசாரித்தான். அவள் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். பேச்சு சரியாக வராது. மகனைப் பற்றிக் கேட்க வெட்கப்படுவார். லிப்ட் வேலை என்று ஒருமுறை இவளாகச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். அந்த இல்லத்தின் லிப்ட் மூன்று மாதமாக நின்று கிடக்கிறது. பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்களாம். அதனால் அவர் இரண்டாம் மாடியிலேயே கிடக்கிறார். வெயில் பட்டு மூன்று மாதமாகிறது.

அவன் எழுந்து போனான். புதன்கிழமை மாலை அவன் தன் கருவிப்பெட்டியைக் கார் டிக்கியில் ஏற்றுவதை அவள் சன்னல் வழியாகப் பார்த்தாள். இல்லத்து மேலாளரிடம் போனில் லிப்டின் மாடலைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை மூன்று பேராகப் போனார்கள். மாமியார் வருகிறேன் என்று சொல்லவில்லை. காலையில் பார்த்தால் புடவை மாற்றிக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். நான் மேலே வரமாட்டேன், கீழேயே இருந்துகொள்கிறேன் என்று வழியெல்லாம் நான்கு தடவை சொன்னார்.

இல்லத்தின் முன்கூடத்தில் அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கணவன் அப்பாவைப் பார்க்கப் போகவில்லை. மேலாளரோடு நேராக மொட்டை மாடியிலிருந்த மோட்டார் அறைக்குப் போனான். அவள் வழக்கம்போல் இரண்டாம் மாடிக்குப் போய்ப் பெரியவருக்குச் சட்டை மாற்றி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து லிப்ட் எதிரே தள்ளிக்கொண்டு வந்தாள். மேலே ஏதோ தட்டும் சத்தம் கேட்கிறதே என்று பெரியவர் கண்ணாலேயே கேட்டார். உங்கள் மகன்தான் என்றாள். அவர் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி, லிப்ட் கதவு திறக்கும்வரை ஒன்றரை மணி நேரம் விடவில்லை.

கதவு திறந்தபோது உள்ளே அவன் நின்றிருந்தான். முழங்கை வரை கிரீஸ். முப்பத்திரண்டு வருடம் கழித்து அப்பாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவரின் வாய் கோணிக்கோணி எதையோ சொல்ல முயன்றது. வரவில்லை.

"பிரேக் லைனிங் தேஞ்சு போயிருந்துது," என்றான் அவன், யாரிடமோ சொல்வதுபோல. "மாத்திட்டேன். இப்ப பயமில்ல. வாங்க, கீழ போலாம்." சக்கர நாற்காலியின் பின்னால் போய் நின்று அவனே தள்ளினான்.

கீழே கதவு திறந்தபோது மாமியார் எதிரே உட்கார்ந்திருந்தார். மூஞ்சில் முழிக்க மாட்டேன் என்று இரண்டு வருடத்துக்கு முன் சொன்னவருக்கு, எழுந்து போக நேரமில்லை. ஒருவேளை மனமும் இல்லை. பெரியவர் இடது கையைத் தூக்கிக் கும்பிட முயன்றார். ஒற்றைக் கை நெற்றிவரை போய் நின்றது.

"எனக்கு வேண்டாம்," என்றார் மாமியார். "நான் உங்களை மன்னிச்சு வரல. அந்தக் கும்புடு இவளுக்குச் சேரணும். நீங்க இன்னிக்கு மனுஷனா உக்காந்திருக்கீங்கன்னா இவளால."

பெரியவர் மெல்லத் திரும்பி மருமகளைப் பார்த்து அந்த ஒற்றைக் கையை மறுபடி தூக்கினார். அவள் பதறிப்போய் அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள். கணவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு நாற்காலியை வெளியே வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

திரும்பும்போது, ஷோரூமுக்குப் போன் செய்து வாரண்டியை நீட்டிக்கச் சொல்லிவிட்டேன் என்றான் அவளிடம். வண்டிக்கு ஒன்றுமில்லை, சோதனையில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் இந்தத் தூரத்துக்கு நடுவழியில் நின்றுவிடக்கூடாது என்றான். பெரியவர் இன்னும் எத்தனை நாளைக்கு என்று யாருக்குத் தெரியும் என்றாள் அவள். தெரியாததால்தான் இரண்டு வருடம் என்றான் அவன். "இனிமே வியாழக்கிழமை லேபுக்கும் போக வேணாம், வண்டியும் ஓட்ட வேணாம். அன்னிக்கு லீவு வர்ற மாதிரி நான் முறை மாத்திக் கேட்டிருக்கேன், நானே போய்க்கறேன். நீ வீட்டுல இரு."

அவள் முன் சீட்டைச் சற்றுப் பின்னால் சாய்த்துக்கொண்டாள். இரண்டு வருடமாக எதிரே பார்த்துப் பார்த்தே கடந்த சாலை அது. முதல் முறையாக அதன் பக்கவாட்டில் ஒரு ஏரி இருப்பதைப் பார்த்தாள். அதைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் இமைகள் கனத்தன.

கொஞ்ச தூரம் போனதும் அவன் மறுபடியும் மெதுவாகக் கேட்டான், தன்மேல் இன்னும் கோபமா என்று.

"தூங்கறாடா," என்றது பின் சீட்டு. "எழுப்பாத. பாத்து ஓட்டு."

அவன் வேகத்தைக் குறைத்துக்கொண்டான்.