கழற்றாத வில்லை

பல் தேய்ப்பதற்கு முன்பே சுகிர்தா கண்களில் வில்லையைப் பொருத்திக்கொண்டாள். கோயம்புத்தூரில் இப்போது எல்லோருக்கும் அதுதான் வழக்கம். ஒப்பனைவில்லை இருந்தால் சுவரின் விரிசல் மறையும், கணவனின் தொப்பை சுருங்கும். யாரை எந்த நிறத்தில் பார்க்க ஆசையோ, அந்த நிறத்தில் பார்க்கலாம்.

தொட்டிலில் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். பிறந்து ஐந்து நாள். இளரோஜா நிறம். பிரசவத்துக்குப் போகும்போதே அவள் தேர்ந்தெடுத்து வைத்த நிறம்.

கணவனின் அக்கா பூங்கொடி பார்க்க வந்தாள். கண்கட்டி வந்ததால் ஒரு வாரமாக அவள் வில்லை போடவில்லை.

“சுகி, பிள்ளை ஏன் இப்படி மஞ்சளா இருக்கான்? கண்ணு வெள்ளைகூட மஞ்சளா இருக்கே.”

“கறுப்புன்னு சொல்ல வாய் வராம மஞ்சள்னு சொல்றீங்களா அண்ணி?”

“அடிப்பாவி! நான் என்ன கலர் பார்க்கவா வந்தேன்? வில்லையைக் கழட்டிட்டு நீயே ஒருதடவை பாரேன்.”

சுகிர்தா கழற்றவில்லை. மாதம் நிறையாமல் பிறந்தவன் என்பதால், காலையும் மாலையும் வெறுங்கண்ணால் பகல் வெளிச்சத்தில் நிறம் பார்க்கும்படி மருத்துவமனையில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ‘மஞ்சள் தெரிகிறதா?’ என்று அங்கிருந்து வில்லையில் கேள்வி வந்தபோதெல்லாம் ‘இல்லை’ என்றே பதில் அனுப்பினாள். தெரியவில்லைதானே? பெண் பார்க்க வந்தவர்கள் அவளுடைய நிறத்தைச் சொல்லித்தான் எழுந்து போயிருந்தார்கள். அதே நிறத்தை மகனிடம் பார்க்க அவளுக்குப் பயம்.

மதியம் அவன் பால் குடிக்கவில்லை. உள்ளங்காலைச் சுண்டியும் விழிக்கவில்லை. பூங்கொடிதான் காரை எடுத்தாள்.

மருத்துவமனை வாசலிலேயே செவிலி குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். வெகுநேரம் கழித்து மருத்துவர் வந்தார்.

“ரத்தத்துல மஞ்சள் ரொம்ப ஏறியிருக்கும்மா. குறைமாசப் பிள்ளைங்களுக்குக் கல்லீரல் இன்னும் பழகியிருக்காது, சீக்கிரம் ஏறிடும். மூளையைத் தொட்டுட்டா ஆபத்து. நீல வெளிச்சத்துல வச்சிருக்கோம். இறங்கலைன்னா ரத்தம் மாத்தணும். எப்போலருந்து மஞ்சள்?”

“தெரியலை டாக்டர்.”

“தினமும் இல்லைன்னு பதில் அனுப்பியிருக்கீங்களே?”

சுகிர்தா தலை குனிந்தாள். “நான்... வில்லையைக் கழட்டிட்டுப் பார்க்கவே இல்லை.”

மருத்துவர் அதை அட்டையில் குறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை செவிலி கூப்பிட்டாள். “அளவு இறங்க ஆரம்பிச்சிருச்சு. வந்து பால் குடுங்கம்மா. உள்ளே வில்லை கூடாது.”

சுகிர்தா வில்லையைக் கழற்றி, செவிலி நீட்டிய கிண்ணத்தில் போட்டாள். ஓட்டமாக உள்ளே போனவள் நடுவில் நின்றுவிட்டாள்.

நான்கு தொட்டில்கள். நான்கிலும், வெளிச்சம் படாமல் கண்களைத் துணியால் மறைத்த பிஞ்சுகள். பால் நேரம் என்பதால் நீல விளக்குகளை அணைத்திருந்தார்கள். ஒருவன் மாநிறம், இருவர் கறுப்பு, ஒருவன் கொஞ்சம் வெளுப்பு. எல்லோரிடமும் லேசாக மஞ்சள். இளரோஜா நிறத்தில் யாருமில்லை.

“தூக்குங்கம்மா, பசியில இருப்பான்,” என்றாள் செவிலி, வேறு வேலையில் இருந்தபடி.

சுகிர்தா முதல் தொட்டிலருகே குனிந்து, கொஞ்சுவதுபோல் ஒரு பாதத்தைப் பிடித்து, கணுக்காலில் கட்டியிருந்த அட்டையைத் திருப்பினாள். வேறு யாரோ ஒரு தாயின் பெயர். அடுத்த தொட்டிலுக்குப் போகத் திரும்பியபோது, கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்த பூங்கொடி மெல்ல முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.