வீணோட்டம்

காலை நாலே முக்காலுக்கெல்லாம் அந்தத் தெருவில் வண்டிகள் கிளம்பிவிடும். யாருக்கும் அந்த நேரத்தில் போக வேண்டிய இடம் என்று ஒன்று கிடையாது. ஒருவர் தூத்துக்குடித் துறைமுகச் சாலை வரை போய்த் திரும்புவார். இன்னொருவர் உப்பளங்களை ஒட்டிய பாதையில் மூன்று சுற்று சுற்றுவார். மற்றொருவர் பூட்டிய கடை முன்னால் கால் மணி நேரம் நின்றுவிட்டு, கடைக்குப் போனதாகப் பதிந்துகொண்டு வருவார். வெயில் ஏறுவதற்குள் எல்லோரும் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் வேலையில்லாமல் வெளியே நடமாடுவது அந்த ஊரில் நின்றுபோய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

சுயம்புலிங்கம் மட்டும் மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். அவனுடைய வண்டி கீழே நான்கு மாதமாக அசையாமல் கிடந்தது. அவன் கண் எதிர்வீட்டுக் கடல்நீல வண்டியின் மேலேயே இருக்கும். தஸ்நேவிஸ் வண்டியைப் பின்னால் எடுத்து, சத்தமில்லாமல் தெருமுனை திரும்புவார். முக்கால் மணி நேரம் கழித்து அதே மாதிரி வந்து நிற்பார்.

"இன்னைக்கு நாப்பத்தெட்டு நிமிஷம்," என்றான் சுயம்பு. "ஒரு இடத்துலயும் நிக்கல. சும்மா போனாரு, சும்மா வந்தாரு."

அவன் மனைவி முத்துக்கனி காப்பியை ஜன்னல் திண்டில் வைத்தாள். "அவரு வண்டில அவரு போறாரு. நீங்க எதுக்கு அதுக்கு நிமிஷம் எண்ணிக்கிட்டு நிக்கீங்க?"

அவனும் தஸ்நேவிஸும் ஒரே நாளில், ஒரே வரிசையில் நின்று வண்டிக்குப் பதிவு செய்தவர்கள். மூன்று வருடம் காத்திருந்தார்கள். தஸ்நேவிஸின் வண்டி சொன்ன தேதியில், கேட்ட நிறத்தில் வந்து இறங்கியது. துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். தெரு முழுக்க மக்ரூன் இனிப்பு கொடுத்தார். சுயம்புவும் ஒன்றை வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். வாழ்த்து சொல்ல வாய் வரவில்லை. வாய் நிறைய மக்ரூன் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அவனுடைய வண்டி ஐந்து வாரம் தாமதமாக வந்தது. கடல்நீலம் கேட்டிருந்தான், சாம்பல் நிறம் வந்தது. இடப்பக்கக் கதவை இரண்டு முறை அறைந்தால்தான் மூடும். ஓட்டுநர் இருக்கை யாரோ ஒரு நெட்டையான ஆளிடம் பழகியிருந்தது. சுயம்பு உட்கார்ந்ததும் அது பின்னால் நகர்ந்து, கால் எட்டாத தூரத்தில் அவனைக் கொண்டு வைக்கும். "மொதல்ல கையெழுத்துப் போடுங்க சார், மத்ததை உத்தரவாதத்துல பாத்துக்கிடலாம்," என்றான் கொண்டுவந்தவன். சுயம்பு போட்டான். கதவுக்காக இரண்டு முறையும் இருக்கைக்காக மூன்று முறையும் சேவை நிலையத்துக்குப் போய்வந்தான். ஆறாவது மாதம் குளிர்க்கரு செத்தது. அது போனால் வண்டியின் மின்கலம் சூடேறும், அறை கொதிக்கும், சக்கரம் நகராது.

பழைய காலமாக இருந்தால் புதிது ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் குளிர்க்கருவுக்கு வேண்டிய உலோகம் தோண்டப்பட்ட சுரங்கங்கள் மூடப்பட்டு ஒன்பது வருடம் ஆகிவிட்டது. இருக்கிற கருக்கள்தான் இனி உலகத்துக்கு. அதனால் பன்னிரண்டு வண்டிகளை ஒரு குழுவாகச் சேர்த்து, குழுவுக்கு ஒரு உத்தரவாதம் என்று கொடுத்தார்கள். ஒரு வண்டியின் கரு செத்தால், அதே குழுவில் யாருடைய ஓட்டம் எல்லை அளவுக்குக் கீழே இறங்குகிறதோ அவருடைய வண்டியிலிருந்து எடுத்து இதில் மாட்டுவார்கள். ஓடாத வண்டிக்குக் கரு எதற்கு என்பது அதில் உள்ள நியாயம். ஆள் உட்கார்ந்து, சக்கரத்தில் கை வைத்து ஓட்டினால்தான் ஓட்டம் என்று பதிவாகும். விடிகாலையில் ஊர் சுற்றியதன் காரணம் அதுதான்.

சுயம்பு வாரத்துக்கு ஒரு முறை சேவை நிலையத்தை அழைப்பான். வஹிதா என்ற பெண் பேசுவாள்.

"உங்க குழுவுல எல்லார் ஓட்டமும் எல்லைக்கு மேல இருக்கு சார். யாராவது கீழ வந்தா அன்னைக்கே மாட்டிருவோம்."

"யாரும்மா கீழ வருவா? அதுக்குத்தானே ஊரே கெடந்து சுத்துது."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வீணோட்டப் புகார்னு ஒரு படிவம் இருக்கு சார். எங்கயும் போகாம சும்மா சுத்துற ஓட்டத்தைக் கழிச்சிருவாங்க. குழுவுல உள்ளவங்க போடலாம். பேர் வெளிய வராது. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

அப்படி ஒரு படிவம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் போடுவதில்லை. எல்லோரும் சுற்றுகிறவர்கள்; ஒருவர் தொடங்கினால் பன்னிரண்டு பேருக்கும் பிழைப்பில்லை. ஆனால் மற்றவர்கள் கடை என்றோ கோவில் என்றோ ஓர் இடத்தைத் தொட்டுவிட்டு வந்தார்கள். எங்கும் நிற்காமல் திரும்பியவர் தஸ்நேவிஸ் ஒருவர்தான்.

மூன்று நாள் சுயம்பு படிவத்தைத் திறந்து திறந்து மூடினான். நான்காம் நாள் பொதுவண்டிக்காக ஒரு மணி நேரம் காத்திருந்து, முதுகெல்லாம் கொப்பளித்து வீடு வந்தான். எதிர்வீட்டு நிழலில் கடல்நீல வண்டி குளிர்ந்துபோய் நின்றது. அதன் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைப் பார்த்தான். படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டுத்தான் சட்டையைக் கழற்றினான்.

எட்டாம் நாள் சேவை நிலைய ஊர்தி வந்தது. இரண்டு பேர் இறங்கி தஸ்நேவிஸ் வண்டியின் மூடியைத் திறந்தார்கள். அவர் வாசல்படியில் நின்று ஏதோ கேட்டார். வந்தவர்களில் ஒருவன் தகட்டுத்திரையைக் காட்டினான். அவர் படித்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றார். அரை மணியில் வேலை முடிந்தது. ஊர்தியைக் கிளப்பக்கூட அவர்களுக்கு அவசியம் இருக்கவில்லை. நீலப் பெட்டியில் கருவை வைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தெருவைக் குறுக்கே கடந்து சுயம்புவின் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

முத்துக்கனி அவன் முகத்தைப் பார்த்தாள். "நீங்க எதுவும் செய்யலையே?"

"அவரு ஓட்டம் கொறஞ்சிருக்கும்," என்றான்.

பத்து நாள் அவன் சந்தோஷமாக இருந்தான். வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. அலுவலகத்துக்குப் போகிற வழியில் பொதுவண்டிக்கு நிற்கிறவர்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். ஆனால் விடிகாலையில் விழித்தால் எதிர்வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். இருமல் கேட்கும். தொடங்கினால் நிற்காத இருமல்.

பதினோராம் நாள் தஸ்நேவிஸ் வந்தார். முத்துக்கனி நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை.

"ஒரு உதவி கேக்க வந்தேன் தம்பி. அமலோற்பவத்துக்கு நெஞ்சில தூசி. ரெண்டு வருஷமாச்சு. கட்டில்ல படுத்தா மூச்சு முட்டுது. வண்டிக்குள்ள அந்தக் குளிர்ச்சில சாஞ்சிருந்தா, வண்டியும் நகந்துக்கிட்டே இருந்தா, ஒரு முக்கா மணி நேரம் தூங்குவா. நின்னா முழிச்சிருவா. பத்து நாளா தூக்கமே இல்ல."

தஸ்நேவிஸின் மனைவியைச் சுயம்பு பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். வெயிலுக்குப் பயந்து உள்ளே இருக்கிறார் என்று நினைத்திருந்தான். எதிர்வீட்டு நிழற்கூரைக்குள்ளேயே ஏறிப் பின் இருக்கையில் ஓர் ஆள் படுத்திருந்தால் மாடியிலிருந்து தெரியாது.

"ஆஸ்பத்திரில பதிஞ்சிருந்தா சிகிச்சை ஓட்டம்னு குடுப்பாங்களே அண்ணாச்சி," என்றான்.

"பதிஞ்சா காத்தகத்துக்குக் கொண்டு போயிருவாங்க. மலை மேல, நெஞ்சு நோய்க்காரங்கள வைக்கிற எடம். கூட ஆள் இருக்க விட மாட்டாங்க. நாப்பது வருஷம் ஒண்ணா இருந்துட்டோம். அவ போக மாட்டேங்கா. நானும் விட மாட்டேன்."

"நாளைக்குக் காலைல கூட்டிட்டு வாங்க," என்றாள் முத்துக்கனி, கணவனைப் பார்க்காமல்.

மறுநாள் தஸ்நேவிஸ் மனைவியைத் தாங்கிக்கொண்டு வந்தார். அமலோற்பவம் பாதியாகிப் போயிருந்தார். பின் இருக்கையில் கணவரின் மடியில் தலை வைத்துப் படுத்தார். சுயம்பு குளிர் அளவை வைக்கக் கையை நீட்டினான். அதற்குள் வண்டி தானாகவே குளிரைக் கூட்டி, காற்றை மெல்லியதாக்கி, அறை விளக்கை அணைத்தது. குளிர்க்கரு அந்த உடம்பை அடையாளம் கண்டுகொண்டிருந்தது. பத்து நாளாக அவனுக்கு அது ஒருமுறைகூட இப்படிச் செய்யவில்லை. அந்த நேரத்திலும் அவன் நெஞ்சில் ஒரு முள் குத்தியது. நம் வண்டி, ஆனால் அவர்களுக்குத்தான் பழகுகிறது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே என்று கூசிப்போய்ச் சக்கரத்தைப் பிடித்தான்.

உப்பளப் பாதையில் இரண்டாவது சுற்றில் அமலோற்பவத்தின் மூச்சு சீரானது. கண்ணாடியில் பார்த்தான். தஸ்நேவிஸ் மனைவியின் காதோர முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தார். சுயம்பு முக்கால் மணி நேரத்தைத் தாண்டியும் ஓட்டினான்.

எட்டு நாள் இப்படிப் போயிற்று. ஒன்பதாம் நாள் துறைமுகச் சாலையில் போகும்போது அவன் சாலையைப் பார்த்தபடியே சொன்னான்.

"அண்ணாச்சி, புகார் போட்டது நாந்தான்."



"தெரியும்," என்றார் தஸ்நேவிஸ். "குழுவுல உன் வண்டி ஒண்ணுதான கெட்டுக் கெடந்தது. பெட்டியைத் தூக்கிக்கிட்டு நேரா உன் வீட்டுக்குத்தான வந்தாங்க."

"தெரிஞ்ச பெறகு எதுக்கு எங்கிட்ட வந்தீய?"

"வேற யார்கிட்ட போக? அது உங்கிட்டதான இருக்கு."

சுயம்பு வாயெடுத்தான். அவர் தடுத்தார்.

"மன்னிச்சிருங்கன்னு மட்டும் சொல்லாத. சொன்னா நான் ஏதாவது பதில் சொல்லணும். எனக்கு உள்ளுக்குள்ள இருக்கறதைச் சொன்னா அது மெதுவாச் சொல்ற மாதிரி இல்ல. இவ முழிச்சிருவா. நீ ஓட்டு."

அவன் ஓட்டினான்.

அதற்குப் பிறகு தஸ்நேவிஸ் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தினமும் விடிகாலையில் வந்து ஏறுவார், முடிந்ததும் இறங்குவார். அமலோற்பவம் உயிரோடு இருந்த ஏழு மாதமும் ஒரு நாள் தவறாமல் அப்படியே நடந்தது. அந்த அம்மாளிடம் அவர் எதையும் சொல்லியிருக்கவில்லை. அதனால் ஒவ்வொரு நாளும் இறங்கும்போது, தூக்கம் தெளிந்த முகத்தோடு, அந்த அம்மாள் சுயம்புவின் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க வாங்கச் சொல்வார்.

"எங்க வண்டி போன பெறகு நீ இல்லன்னா என்ன செஞ்சிருப்போம்? நல்லாயிருய்யா."

தஸ்நேவிஸ் அந்த வார்த்தைகள் முடியும்வரை பக்கத்தில் நின்று, சுயம்புவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.