நாலாவது பாட்டுக்குப் பின்

நாலாவது பாட்டு முடிந்ததும் நாற்பது விநாடி வெறும் மௌனம் வரவேண்டும். அன்றைக்கு அந்த மௌனத்துக்குள் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

சூசைமாணிக்கம் டேப்பை நிறுத்தினார். காதில் திணித்திருந்த இயர்போனைப் பிடுங்கி, அதன் ரப்பர் முனையை ஊதிப் பார்த்தார், வேட்டியில் துடைத்தார். மெட்ராஸில் ஒரு மாதப் பத்திரிகை பரிசோதித்து எழுதச் சொல்லி அனுப்பியிருந்த வெளிநாட்டுச் சரக்கு அது. ஏற்காட்டில் உட்கார்ந்துகொண்டு அவர் நல்லது என்று எழுதினால் அங்கே ஆட்கள் வாங்குவார்கள்; சொத்தை என்று எழுதினால் கடைக்காரன் தலையில் கை வைப்பான். பதினோரு வருஷமாக ஸ்பீக்கரோ ஹெட்போனோ எது வந்தாலும் அவர் போட்டுக் கேட்பது இந்த ஒரே டேப்பைத்தான். கொட்டச்சேடு கிராமத்துத் தேவகுமாரி பாடிய நாலு கிறிஸ்துமஸ் பாட்டு. பாட்டை வைத்துக் கருவியின் குரலை எடை போடுவார், கடைசியில் வரும் மௌனத்தை வைத்து அதன் இரைச்சலை எடை போடுவார்.

சும்மா சொல்லக்கூடாது, இயர்போன் பிரமாதம். திணித்த மாத்திரத்தில் சில்வர் ஓக் மரத்திலிருந்து தகரத்தில் சொட்டிய பனியும், மேட்டில் கியர் மாற்றி முனகிய எஸ்டேட் லாரியும் காணாமல் போயின. தேவகுமாரியின் நாக்கு மேலண்ணத்தை விட்டுப் பிரிகிற சத்தம், கழுத்து ஜெபமாலை சேலையில் உரசுகிற சத்தம் எல்லாம் தனித்தனியாக வந்து விழுந்தன. இத்தனை வருஷத்தில் அவர் கேட்டே இராத சத்தங்கள்.

அந்த நேரம் பார்த்துத் தெரசம்மாள் வாசலில் வந்து நின்றாள். தேவகுமாரியைப் பெற்றவள். வருஷம் தவறாமல் டிசம்பரில் ஒரு மத்தியானம் வந்து மகள் குரலைக் கேட்டுவிட்டுப் போவாள்.

"ஏனுங்க தம்பி, ஊட்டுல ஆருமில்லைங்களா?"

"துணி எடுக்கச் சேலம் போயிருக்காங்கக்கா. உள்ள வாங்க."

வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டிருக்கலாம். போட்டு, பாட்டு முடிந்ததும் நிறுத்தியிருக்கலாம். ஆனால் மனிதருக்குப் பெருமை பீற்றிக்கொள்ளாவிட்டால் சோறு இறங்காது. "இதுல கேளுங்கக்கா, உங்க புள்ள காதுக்குள்ளயே பாடுவா" என்று இயர்போனை அவள் கையில் கொடுத்தார். கிழவியின் கண் நிறைவதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் டேப்பை நிறுத்தவும் மறந்தார். ஏதோ புண்ணியம் செய்கிற நினைப்பு.

பாட்டு முடிந்தும் அவள் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. முகத்தில் இருந்த ஈரம் அப்படியே நின்றது.

"பாட்டு முடிஞ்சப்புறம் கதவத் தட்டறது ஆருங்க?"

"அது மிஷின் சத்தம்க்கா. பழைய டேப்பு."

"மிஷின் அண்ணான்னு கூப்புடுமுங்களா?"

தெரசம்மாள் ஒயரை அழகாகச் சுருட்டி மேசைமேல் வைத்தாள். "நாளைக்குக் காலைல சர்ச்சு சாமியாரைக் கூட்டியாறனுங்க. அவரும் ஒருக்கா கேக்கட்டும்" என்றாள். மூன்றரை மணி பஸ்ஸில் அவள் ஏறுவதையும், பஸ் மூடுபனிக்குள் போவதையும் அவர் கேட்டருகே நின்று பார்த்தார்.

அந்த மௌனம் எப்படி வந்தது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். எண்பத்தொன்று டிசம்பர். வீட்டின் பின்னறைச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, ஜன்னலைக் கம்பளியால் அடைத்து, சத்தம் உள்ளே வராமலும் வெளியே போகாமலும் செய்திருந்தார். மலை ஈரத்தில் கோணிப்போன கதவு தானாக மூடி நிற்காது. அதனால் பாடுகிறவரை உள்ளே விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கூடத்தில் மிஷினோடு உட்கார்வார். குளிரில் தேவகுமாரியின் குரல் நடுங்கியது. நடுங்காமல் இருக்கக் கரி நிரப்பிய கணப்புச் சட்டியை அவரே உள்ளே வைத்தார். காற்றுப் புக ஓர் ஊசித் துவாரம் இல்லாத அறையில்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் அவள் சொன்னாள். "ஏனுங்ண்ணா, தலை கிறுகிறுன்னு வருது. கதவத் தொறங்க."

ஐந்து மணிக்குக் கரண்ட் போய்விடும். "நாலாவது பாட்டு முடியட்டும் கண்ணு" என்றார்.

பாடினாள். அதற்கு முன் அப்படிப் பாடியதே இல்லை. முடித்ததும் தட்ட ஆரம்பித்தாள். பாட்டின் கடைசி இழுப்பு தட்டல் சத்தத்தில் கெட்டுவிடக் கூடாதே என்று, ஒலியளவுத் திருகை மெல்ல மெல்ல இடது பக்கம் திருப்பி, மிஷினில் சத்த அளவு காட்டும் முள் கீழே படுக்கும்வரை குறைத்தார். பிறகு டேப் பெட்டியில் அழகான கையெழுத்தில் தேதி எழுதினார். எழுதி முடித்துத்தான் தாழ்ப்பாளை நீக்கினார்.

சட்டியை ஆரஞ்சு மரத்தடியில் புதைத்துவிட்டுத்தான் ஆளைக் கூப்பிட்டார். புள்ளைக்கு நெஞ்சு வலி என்றார். பிணத்தைக் கொட்டச்சேடு வரை தூக்கி வந்தவர் என்று தெரசம்மாள் அவர் கையைப் பிடித்து அழுதாள். கையை அவர் உதறவில்லை, அதுதான் கேவலம்.

இனி யோசிக்க ஒன்றுமில்லை. சாமியார் வருமுன் அந்த நாற்பது விநாடியை அழித்தாக வேண்டும்.

இப்போது மிஷினும் அதே பின்னறையில்தான் இருந்தது. அன்றைக்குப் பிறகு அந்தக் கதவை அவர் மூடியதே இல்லை. செங்கல் ஒன்றை முட்டுக் கொடுத்து எப்போதும் திறந்தே வைத்திருப்பார். நாற்காலியில் உட்கார்ந்து, துல்லியமாக அழிக்க வேண்டுமே என்று இயர்போனைக் காதில் ஆழத் திணித்தார். உலகம் அடங்கியது. பாட்டின் கடைசி எழுத்து. இழுப்பு. நிறுத்தினார். மைக்கைச் செருகாமல் ரெக்கார்டு பொத்தானை அமுக்கி நாற்பது விநாடி ஓடவிட்டார். வெற்று மௌனம் பதிவாகியிருக்கும். திருப்பிப் போட்டுக் கேட்டார்.

டக். டக். டக்.

முன்னைவிடத் தெளிவாக. மறுபடி அழித்தார். மறுபடி கேட்டார். தட்டல் போயிருந்தது. அதற்குப் பதிலாக மூச்சு. இழுத்து இழுத்து வாங்கும் மூச்சு, டேப்பின் தூரத்தில் இல்லை, காதுச் சவ்வுக்குப் பக்கத்தில். மூன்றாவது முறை அழிக்கும்போது கை வழுக்கியது. உள்ளங்கை வியர்த்திருந்தது. டிசம்பர் குளிரில் வியர்த்திருந்தது.

அறை கதகதப்பாக இருந்தது.

கரி வாசனை. கூடவே ஈர மண் வாசனை.

குனிந்து பார்த்தார். காலடியில் கணப்புச் சட்டி. விளிம்பெல்லாம் ஆரஞ்சு மரத்தடிச் சிவப்பு மண், ஒரு புழு இன்னும் நெளிந்துகொண்டிருந்தது. உள்ளே கரி கணகணவென்று சிவந்திருந்தது.

இயர்போனைப் பிடுங்கி எறிந்தார். திரும்பினார். கதவு மூடியிருந்தது. முட்டுக் கொடுத்த செங்கல் மேசைமேல், டேப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது.

தள்ளினார். அசையவில்லை. வெளியே தாழ்ப்பாள்.

சட்டியைக் காலால் எட்டி உதைத்தார். கால்தான் சுட்டது. சட்டி நகரவில்லை. ஜன்னல் கம்பளியைப் பிடித்து இழுத்தார். பதினோரு வருஷத்துக்கு முன் அவரே அடித்த ஆணிகள். ஒன்றுகூடப் பெயரவில்லை. தலை கிறுகிறுவென்று வந்தது.

தட்டினார். மிஷினில் முள் துள்ளியது. ரெக்கார்டு விளக்கு சிவப்பாக எரிந்தது. மைக் செருகவே இல்லை. இருந்தும் அவர் தட்டத் தட்ட முள் துள்ளியது.

"தேவகுமாரி. கதவத் தொற கண்ணு. தப்புத்தான். சாமியார்கிட்டச் சொல்லிடறேன். எல்லாத்தையும் சொல்லிடறேன்."

காதில் இப்போது எதுவும் இல்லை. ஆனாலும் காதுக்குள்ளேயே, நாக்கு மேலண்ணத்தை விட்டுப் பிரியும் அந்தச் சின்னச் சத்தத்தோடு, பதில் வந்தது.

"நாலாவது பாட்டு முடியட்டுங்ண்ணா."

பாட ஆரம்பித்தாள். அவசரமே இல்லாமல். ஒவ்வொரு எழுத்தாக.

இரண்டு கையாலும் கதவை அறைந்தார். கத்தினார். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி எகிறியது. சத்தம் வெளியே போகாதபடி அந்த அறையைச் செய்தவர் அவர்தான். பாட்டு முடிந்தது. கடைசி இழுப்பு நீண்டுகொண்டே போனது. முழங்கால் மடிந்து, கதவோடு கதவாகச் சரிந்து, அவர் இன்னும் தட்டினார்.

மேசைமேல் ஒலியளவுத் திருகு, யாரும் தொடாமல், மெல்ல மெல்ல இடது பக்கம் திரும்பியது. அவர் தட்டிக்கொண்டேதான் இருந்தார். முள் கீழே படுத்துவிட்டது. டேப்பில் இன்னும் பாதிச் சுருள் பாக்கி இருந்தது.