ஆஷ்டனிடம் யாரும் கேட்கவில்லை

வெள்ளிக்கிழமை மாலை பள்ளியில் விருந்து. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பாத்திரம் சாப்பாடு கொண்டுவரும். எல்லாரும் எல்லாருடையதையும் சாப்பிடுவார்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள செயின்ட் பால் நகரத்தில் பனிக்காலம் நீளமானது. அதனால் இந்த மாதிரி விருந்துகளும் அதிகம்.

ஐந்தாம் வகுப்பு படிக்கும் ஷெங் லோருக்கு இந்த வருடம் ஒரு முக்கியமான வேலை கிடைத்தது. சட்டையில் குத்திக்கொள்ளும் அட்டைகளை அவள்தான் எழுதினாள். மேலே பெயர். கீழே ஸ்வீடிஷ்-அமெரிக்கர், சோமாலி-அமெரிக்கர், மெக்சிகன்-அமெரிக்கர் என்று அவரவர் குடும்பம் எங்கிருந்து வந்தது என்பது. அவள் குடும்பம் தென்கிழக்கு ஆசிய மலைகளில் வாழும் ஹ்மோங் இனம் என்பதால், தன்னுடையதில் ஹ்மோங்-அமெரிக்கர் என்று எழுதிக்கொண்டாள். உணவுக்கூடத்தில் எட்டு மேசைகள், எட்டுக்கும் மேலே இதே மாதிரி எழுதித் தொங்கவிட்ட பலகைகள். அட்டையைப் பார்த்து மேசைக்குப் போய் உட்கார வேண்டியதுதான்.

இருபத்து நான்கு அட்டைகளுக்கு அவளுடைய மூன்று மதிய இடைவேளைகள் செலவாயின. புதன்கிழமை எல்லாருக்கும் கொடுத்தாள்.

ஆஷ்டன் பார்ச்மென்ட் தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இங்கிலாந்திலிருந்து வந்த புதுப் பையன் அவன். வகுப்பில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

"இது யாரோடது?" என்று கேட்டான்.

"உன்னோடதுதான். மேல பேர் இருக்கே."

"பேர் என்னோடதுதான். ஆனா கீழ 'ஆப்பிரிக்க-அமெரிக்கர்'னு போட்டிருக்கியே."

"ஆமா."

"நான் ஆப்பிரிக்காவுக்குப் போனதே இல்ல. அமெரிக்காவுக்கு வந்து மூணு வாரம் ஆகுது."

பக்கத்தில் இருந்த கோல்பி லிண்ட்குவிஸ்ட் உதவி செய்ய நினைத்தான். "நீ கறுப்பா இருக்கேல்ல? அப்படி இருக்கிறவங்களை அப்படித்தான் சொல்லணும். அதுதான் மரியாதை."

"இங்கிலாந்துல இருந்தாலுமா?"

கோல்பி யோசித்தான். "அதை எங்களுக்குச் சொல்லித் தரல."

இரண்டு பேர் சிரித்தார்கள். ஆஷ்டன் சிரிக்கவில்லை. அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"நாங்க வெள்ளிக்கிழமை வரல," என்றான். "அப்பா ஆட்டுக்கறி வாங்கி வச்சிட்டார். இந்த ஊருக்கு வந்து எங்களைக் கூப்பிட்ட முதல் விருந்துன்னு ரொம்ப சந்தோஷமா இருந்தார். பரவாயில்ல. வீட்டிலேயே சாப்பிட்டுக்கறோம்."

அன்று பள்ளிப் பேருந்தில் ஷெங் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். போன மாதம் பனிச்சறுக்குத் திடலில் நடந்தது நினைவுக்கு வந்தது. சறுக்குக் காலணி வாடகைக்குத் தரும் பெண் அவளைப் பார்த்து, "சீனாப் பொண்ணா?" என்று கேட்டார். இல்லை என்றாள். "அப்போ ஜப்பான்?" இல்லை. "கொரியா?" அதுவும் இல்லை. அந்தப் பெண் விடுகதைக்கு விடை தேடுபவரைப் போல அடுத்தடுத்து நாடுகளைச் சொல்லிக்கொண்டே போனார். ஷெங்கைப் பேசவே விடவில்லை.

அவராவது அவளிடம் கேட்டார். ஷெங் அதுவும் செய்யவில்லை.

மறுநாள் காலை ஆஷ்டன் மேல்கோட்டை மாட்டும் இடத்தில் போய் நின்றாள்.

"உன் அட்டையை நான் கேட்காம எழுதிட்டேன். தப்புதான். என்ன எழுதியிருக்கணும்?"

ஆஷ்டன் கையுறையை மெதுவாகக் கழற்றினான். "எனக்கே சரியாத் தெரியல. எங்க தாத்தா ஜமைக்காவுல பிறந்தவர். அங்க லீவுக்குப் போனா எங்களை இங்கிலாந்துக்காரங்கன்னு சொல்லுவாங்க. இங்கிலாந்துல பள்ளிப் படிவத்துல நிறைய கட்டம் இருக்கும். 'கறுப்பினம், கரீபியன்'கிற கட்டத்துல அம்மா டிக் போடுவாங்க. இங்க வந்தா நீ ஒண்ணு எழுதிட்ட."

"உன்னைக் கேட்டா நீ என்ன சொல்லுவ?"

"என்னை யாரும் கேட்டதில்லையே." அவன் கையுறைகளைக் கோட்டுப் பையில் திணித்தான். "லீட்ஸ்னு சொல்லுவேன். அதான் எங்க ஊர்."

லீட்ஸுக்கு மேசை இல்லை. ஷெங்குக்கு அது தெரியும்.

வகுப்பு தொடங்கியதும் அவள் அட்டைகளைத் திரும்பக் கேட்டாள்.

"ஏன்? எனக்கு என்னோடது பிடிச்சிருக்கு," என்றான் கோல்பி.

"பிடிச்சிருந்தா புதுசுலயும் அதையே எழுதிக்கோ. நீயே எழுது."

"நானேவா?" கோல்பி முகத்தைச் சொறிந்தான். "உண்மையைச் சொன்னா எனக்கு ஸ்வீடிஷ்ல ஒரு வார்த்தை கூடத் தெரியாது. எங்க வீட்டு நாய்க்குத்தான் ஸ்வீடிஷ் பேரு."

முன்வரிசையில் இருந்த நஸ்ரா மட்டும் தன் அட்டையைக் கையால் மூடிக்கொண்டாள். "என்னோடதைத் தொடாதே. சோமாலி-அமெரிக்கர்னு நான்தான் உன்கிட்டச் சொல்லி எழுத வச்சேன். ரெண்டுமே நான்தான்."

"சரி, உன்னோடது அப்படியே இருக்கட்டும்," என்றாள் ஷெங்.

மீதி இருபத்து மூன்றையும் குப்பைக் கூடையில் போட்டாள். மூன்று மதிய இடைவேளைகள் அதற்குள் விழுந்தன. இந்த முறை பெயரை மட்டும் எழுதி, கீழே இடம் விட்டாள்.

ஆசிரியை ஹால்வர்சன் ஒரு புது அட்டையை எடுத்துப் பார்த்தார். "ஷெங், ஆளாளுக்கு ஒண்ணு எழுதுவாங்களே. மேசை எட்டுதானே இருக்கு? யார் எங்க உட்காருவாங்க?"

ஷெங் உணவுக்கூடத்தை மனதுக்குள் சுற்றிவந்தாள். "மிஸ், எல்லாரும் மின்சாரப் பானைலதான் கொண்டுவருவாங்க. பிளக் ஒரே சுவர்லதான் இருக்கு. சூடான சாப்பாட்டை அந்தப் பக்கம் வச்சுடலாம். இனிப்பு ஜன்னல் பக்கம். சாப்பாடு எடுத்தவங்க எங்க இடம் இருக்கோ அங்க உட்காரட்டும்."

"போன வருஷம் எட்டு மேசைக்கும் வயர் இழுத்து, கூடம் மொத்தமும் இருட்டாயிடுச்சு," என்றார் ஆசிரியை. பிறகு பலகைகளைக் கழற்ற ஏணி கேட்டு ஆள் அனுப்பினார்.

மணி அடித்ததும் ஷெங் ஒரு அட்டையை ஆஷ்டனிடம் நீட்டினாள். "எழுதணும்னா எழுது. காலியா விட்டாலும் சரி."

"அப்பாகிட்டச் சொல்லிப் பார்க்கறேன்," என்றான். அட்டையைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மாலை ஷெங் வாசலில் பேனாக்களோடு நின்றாள். உள்ளே வந்தவர்கள் பேனாவை வாங்கி, கொஞ்சம் முழித்து, பிறகு எழுதினார்கள். ஒருவர் ஒரே சொல் எழுதினார். இன்னொருவருக்கு அட்டை போதாமல் பின்பக்கமும் தேவைப்பட்டது. கோல்பி 'மினசோட்டா, மற்றும் நாய்' என்று எழுதியிருந்தான்.

ஆறு மணி ஆனது. ஆறேகால் ஆனது. ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் குளிர்காற்றுதான் முதலில் வந்தது.

ஆறரைக்குக் கதவை ஒருவர் முதுகால் தள்ளித் திறந்தார். அவர் கையில் துண்டு சுற்றிய பெரிய பானை இருந்தது. பின்னால் ஆஷ்டன். அவன் மேல்கோட்டில் அட்டை குத்தியிருந்தது: 'ஆஷ்டன் பார்ச்மென்ட். லீட்ஸ்.'

"பிளக் எங்க இருக்கும்மா?" என்று கேட்டார் ஆஷ்டனின் அப்பா. "சீக்கிரம் சொல்லு, கை சுடுது."

ஷெங் சுவரைக் காட்டினாள். அவர் அந்தப் பக்கம் ஓடினார்.

ஆஷ்டன் அங்கேயே நின்று அவள் சட்டையைப் பார்த்தான். "உன் அட்டையில கீழ ஒண்ணுமே இல்லையே."

"வாசல்லயே நின்னுட்டேன். நேரம் கிடைக்கல."

"அப்போ நான் உன்கிட்டதான் கேட்கணுமா?"

"கேட்கணும்," என்றாள் ஷெங். "ஆனா சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்."

"ஆகட்டும்," என்று சொல்லி, ஆஷ்டன் இரண்டு தட்டுகளை எடுத்தான்.