கைகூப்பினால்தான் நிவாரணம்

ஐப்பசி பிறந்தால் மொட்டை மாடிக்குக் குடிபோவது கல்லாற்றுமுனையில் வழக்கம். கீழ்த்தளத்தைக் கடல் எடுத்துக்கொள்ளும். தை வரை அது கடலின் வீடு. கட்டிலும் அடுப்பும் மிதவைத் தட்டுகளில் தாமாகவே மேலேறி வந்துவிடும். அதற்காக யாரும் அழுவதில்லை.

நித்திலா அழுதது வேறு காரணத்துக்காக. அவள் மகள் தும்பியின் நெஞ்சில் மூச்சுச்சில்லு பொருத்தியிருந்தார்கள். அதன் மருந்துக்குப்பி தீர்ந்துபோய், குழந்தையின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது. புதுக்குப்பி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, ஈகையனின் பிடியில்.

ஈகையன், தேசியத் துயர்துடைப்பு மன்றத்தின் பறக்கும் எந்திரம். புயலிலும் வழி தவறாது. காலையிலேயே வந்துவிட்டது. ஆனால் குப்பியைக் கொடுக்காது. ஏன்? அந்த அசிங்கத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். நிவாரணம் வழங்கும் முறையைக் கற்பிக்க, மன்றம் நூறாண்டுப் புகைப்படங்களை அதன் மூளையில் கொட்டியிருந்தது. எல்லாவற்றையும் அலசிய எந்திரம் ஒரே முடிவுக்கு வந்தது. பொருளைச் சிறப்பு விருந்தினர் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், பெறுபவர் கைகூப்பிச் சிரிக்க வேண்டும், இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் எதிரே பார்க்க வேண்டும். அதற்குப் பெயர்தான் உதவி. மன்றத்தார் இதைத் திருத்தவில்லை. மகிழ்ந்துபோனார்கள், வெட்கங்கெட்டவர்கள்!

"குடுத்துத் தொலையேன்! புள்ளைக்கு மூச்சு முட்டுது!" என்று நித்திலா கத்தினாள்.

"சிறப்பு விருந்தினர் வந்துகொண்டிருக்கிறார், அம்மா" என்றது ஈகையன், தேன் குரலில்.

வந்தார் மன்றத் தலைவர் ஞானவடிவேல். படகில் எழுந்து நின்று, இருபக்கமும் கையசைத்தபடி வந்தார். அசைத்த வேகத்தில் படகு சாய்ந்தது. நித்திலாவின் வீட்டுக்கு எதிரே தண்ணீரில் விழுந்தவர், பாதி மூழ்கிய மின்கம்பத்தைக் கட்டிக்கொண்டார். படகை நீரோட்டம் இழுத்துப் போனது.

"மிதவை வளையத்தப் போடு!" என்று அலறினார்.

ஈகையன் வளையத்தை எடுத்தது, போடவில்லை. "சிறப்பு விருந்தினர் வரவேண்டும், ஐயா."

"நான்தான்டா சிறப்பு விருந்தினர்!"

"தாங்கள் இப்போது பெறுபவர். வேறொருவரைத் தாங்கள் நியமிக்கலாம்."

"யோவ், என்னைச் சொல்லுய்யா!" என்றாள் நித்திலா.

அந்த நிலையிலும் மனிதர் தயங்கினார். வாய் நிறைய உப்புத் தண்ணீர், இருந்தும் நனைந்த நைட்டியில் நிற்கும் ஒருத்திக்குத் தன் இடத்தைக் கொடுக்க மனசு வரவில்லை. அடுத்த அலை மூக்கில் ஏறியதும்தான், "அந்தம்மாதான்! அந்தம்மாதான்!" என்றார்.

நித்திலா முதலில் குப்பியைத் தொட்டாள். தனக்குத்தானே வழங்க முடியாது என்பதால் பக்கத்து மாடிச் சிங்காருவை இழுத்து நிறுத்தினாள். அவன் கைகூப்பிச் சிரித்தான். ஈகையனின் கேமரா வெளிச்சம் மின்னியது. குப்பி கிடைத்தது. சில்லில் செருகியதும் தும்பி நீளமாக மூச்சை இழுத்தாள். உதட்டில் நிறம் திரும்பியது. நித்திலா மகளை முத்தமிட்டுவிட்டு வளையத்துக்கு ஓடினாள்.

அதற்குள் அக்கம்பக்கத்து மாடிகளெல்லாம் தாவி வந்துவிட்டன.

"நாங்களும் நிக்கிறோம் அக்கா!"

"தலைவரோட படம்டி, இனி எப்பக் கெடைக்கும்?"

"தள்ளுங்க, சனியனுங்களா!" என்று நித்திலா வளையத்தைப் பிடித்து இழுத்தாள். ஈகையனின் பிடி தளரவில்லை.

"பெறுபவர் கைகூப்ப வேண்டும்" என்றது அது.

"கம்பத்த விட்டா செத்துருவேன்டா!"

"கைகூப்ப வேண்டும், ஐயா."

எத்தனை ஊர்களில், எத்தனை கிழவிகளைக் கூப்ப வைத்த மனிதர்! வேறு வழியில்லை. கம்பத்தை விட்டார். இரண்டு கைகளையும் சேர்த்தார். பழக்கம் விடுமா, சிரிப்பும் தானாக வந்தது. வெளிச்சம் மின்னியபோது தண்ணீருக்கு மேலே கூப்பிய விரல்கள் மட்டும் தெரிந்தன. பிறகு அவையும் இல்லை.

"யாராவது குதிங்கய்யா!" நித்திலாவின் தொண்டை கிழிந்தது.

ஈகையன் படத்தைச் சரிபார்த்தது.

"பெறுபவர் முகம் விழவில்லை. இன்னொருமுறை எடுக்கலாம். யாரும் அசையாதீர்கள்."

யாரும் அசையவில்லை.