உள்ளே ஆள்

குளிர்பதனக் கிடங்குக்கு அன்று விடுமுறை. வெளியே வெயில் கொளுத்தியது. கேட்டருகே சூப்பர்வைசர் சாவிக்கொத்தோடு காத்திருந்தார்.

"வாங்க கம்ப்யூட்டரம்மா," என்றார். அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தாலும் கிடங்கில் யாரும் அதைச் சொல்வதில்லை. எந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள், அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. "ஸ்டாக் புரோகிராமுக்குப் புது வெர்ஷன் வேணும்னீங்களே, இன்னைக்கே போட்டுடுங்க. குளிர் ரூம் காலி. பூட்டியாச்சு. நான் சாப்பிட்டுட்டு வந்துடறேன். ஏதாவது வேணும்னா பெருக்கற அக்காகிட்ட கேளுங்க."

பெருக்குகிற அக்கா யார் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பக்கம் திரும்பாமல் நேரே உள்ளே போனாள்.

கண்ணாடி அறையில் அதே மேசை, அதே கம்ப்யூட்டர். ஈரச் சாக்கின் வாடை. எதிரே குளிர் அறையின் கனத்த இரும்புக் கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. கதவு வெளியே சாத்திக்கொண்டு யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் அதை அழுத்த வேண்டும். உடனே இந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் மணி புரோகிராம் 'உள்ளே ஆள்' என்று திரையில் காட்டி, கிடங்கே அதிர மணி அடிக்கும்.

போன வருஷம் அவள் அவசரப்பட்டாள். ஸ்டாக் புரோகிராமுக்காக, இரண்டு புரோகிராம்களும் எழுதப்பட்ட கம்ப்யூட்டர் மொழியின் புதுப் பதிப்பைப் பழையதன் மேலேயே போட்டுவிட்டுப் போனாள். பழைய பதிப்பில் எழுதிய மணி புரோகிராம் சத்தம் காட்டாமல் செத்துப்போனது. அன்று ராத்திரி வேலையிலிருந்த கிடங்குக்காரர் உள்ளே மாட்டிக்கொண்டு குளிரில் விறைத்துச் செத்தார்.

காலையில் தகவல் வந்ததும் ஓடிவந்தாள். விசாரணைக்கு ஆட்கள் வருவதற்குள் பழைய பதிப்பைத் திரும்பப் போட்டாள். அவர்கள் பொத்தானை அழுத்திப் பார்த்தார்கள். மணி கணீரென்று அடித்தது.

"போதையில தூங்கிட்டான்யா. பட்டனை அழுத்தவே இல்ல," என்று முடிவு கட்டினார்கள். அந்த மனிதர் வெற்றிலைகூடப் போட்டதில்லை. அவள் வாயைத் திறக்கவில்லை.

இந்தத் தடவை ஒழுங்காகச் செய்ய வந்திருந்தாள். கட்டளைகளைத் தட்டுகிற ஷெல்லின் கறுப்புத் திரையைத் திறந்து வெர்ஷன் மேனேஜரை இறக்கினாள். இரண்டு பதிப்புகளும் சண்டையில்லாமல் ஒரே கம்ப்யூட்டரில் குடியிருக்க அதுதான் வழி. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரே வரியில் ஒரு குறிப்பு வைத்தால் போதும், எந்த ஃபோல்டருக்குள் நுழைகிறோமோ அதற்குரிய பதிப்புக்கு ஷெல் தானே மாறிக்கொள்ளும். இரண்டு ஃபோல்டரிலும் குறிப்பை வைத்து, ஷெல் தொடங்கும்போது படிக்கிற கோப்பில் ஒரு வரி சேர்த்தாள். ஷெல்லை மூடிப் புதிதாகத் திறந்தாள். வேலை முடிந்தது. ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

இவ்வளவுதானா? இதற்குச் சோம்பல் பட்டுத்தானா ஒரு மனுஷனைக் கொன்றோம்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டாக் ஃபோல்டருக்குள் போனாள். புதுப் பதிப்பு. சரி. மணி ஃபோல்டருக்குள் போனாள். பழைய பதிப்பு. மணி புரோகிராமை ஓடவிட்டாள்.

மணி அடித்தது.

அடுத்தடுத்து இரண்டு. ஒரு இடைவெளி. அப்புறம் ஒன்று.

திரையில் 'உள்ளே ஆள்' என்று வந்தது.

இரும்புக் கதவைப் பார்த்தாள். வெளியே பூட்டு தொங்கியது. ஒயரில் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுபடியும் இரண்டு, இடைவெளி, ஒன்று. ஒயர் கோளாறு இப்படி மூச்சு வாங்கி அடிக்காது.

மணி புரோகிராமை நிறுத்திவிட்டு ஸ்டாக் ஃபோல்டருக்கே திரும்பினாள். புதுப் பதிப்பு. மணி நின்றது. அப்பாடா என்றிருந்தது. உடனே உடம்பு கூசியது. அன்று ராத்திரியும் இந்த அறை இப்படித்தான் அமைதியாக இருந்திருக்கும். அவர் உள்ளே அழுத்திக்கொண்டே இருந்திருப்பார்.

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

திரையில் ஒரு வரி நகர்ந்தது. ஷெல் தானாகவே மணி ஃபோல்டருக்குள் போயிருந்தது.

பழைய பதிப்பு.

இரண்டு. இடைவெளி. ஒன்று.

"யாரும்மா அடிக்கறது?"

வாசலில் பெருக்குகிற அக்கா நின்றிருந்தாள். கிடங்குக்காரரின் மனைவி. கையிலிருந்த துடைப்பம் நழுவிக் கீழே விழுந்தது.

"டெஸ்ட் பண்றேன்க்கா."

"இல்ல. வீட்டுக் கதவை அவரு இப்படித்தான் தட்டுவாரு." குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "அவரு அன்னைக்கு அழுத்தினாரா, இல்லையா? உனக்குத் தெரியும்ல? குடிகாரன் பொண்டாட்டின்னு என் காதுபடவே பேசறாங்கம்மா."

மணி விடாமல் அடித்தது.

"அழுத்தினாருக்கா." அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மணிதான் அடிக்கல. நான்தான் கெடுத்தேன். காலைல வந்து யாருக்கும் தெரியாம சரி பண்ணினதும் நான்தான்."

மணி நின்றது.

அக்கா இரும்புக் கதவுக்குப் போனாள். பெருக்குவதற்காகத் தன்னிடம் கொடுத்திருந்த சாவியால் பூட்டைத் திறந்து, கதவை இழுத்தாள். வெண்பனி காலைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. உள்ளே யாருமில்லை. சுவரெல்லாம் பனி பூத்திருந்தது. சிவப்புப் பொத்தானில் மட்டும் ஒரு கட்டைவிரல் அளவுக்குப் பனி உருகி, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சூப்பர்வைசர் வரட்டும்க்கா. நானே சொல்லிடறேன். சத்தியமா."

அவர் பல்லைக் குத்திக்கொண்டே வந்தார். "என்னம்மா, எல்லாம் சரியா?"

அக்கா அவளையே பார்த்தாள். கம்ப்யூட்டரம்மாவுக்கு வேலை நினைவுக்கு வந்தது, போலீஸ் நினைவுக்கு வந்தது, அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது.

"சரியாயிடுச்சு சார்," என்றாள்.

அக்கா குனிந்து துடைப்பத்தை எடுத்தாள். அவள் கேட்டைத் தாண்டும்போது அக்கா பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்: "அவரு விடமாட்டாரும்மா. கதவு தொறக்கற வரைக்கும் தட்டிட்டேதான் இருப்பாரு."

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சமையலறையில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வேறு ஏதாவது வேலையில் மனதைச் செலுத்தலாம் என்று தன் லேப்டாப்பை மடியில் வைத்து ஷெல்லைத் திறந்தாள். சொந்த லேப்டாப், போன மாதம் வாங்கியது. பழைய பதிப்பை அவள் அதில் போட்டதே இல்லை.

திரையில் பழைய பதிப்பின் எண் நின்றது.

மூடப் போனாள். விசைகள் சில்லென்று விரலில் ஒட்டின.

"என்னடி அது சத்தம்?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள். "யாரோ கதவைத் தட்டறாங்க, போய்த் தொற."

இரண்டு. இடைவெளி. ஒன்று.

சத்தம் வாசல் பக்கமிருந்து வரவில்லை. அவள் மடியிலிருந்து வந்தது.