பேசாத பாதி

கிடங்கின் சங்கு ஊதியதும் காவலன் தொம்மை தன் காதுக்குப் பின்னால் இருந்த பொத்தானை அழுத்தினான். அவன் மூளை இரண்டாகப் பிரிந்தது.

மாடியிலிருந்து அவன் அக்கா ஜெசிந்தா பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கருவியைச் செய்தவளே அவள்தான். மழை பொய்த்துப்போன காலம். தூத்துக்குடித் துறைமுகத்து நெல் கிடங்குகளைக் கூட்டம் கூட்டமாக வந்து சூறையாடினார்கள். பசித்து வந்தவனை வெட்டக் காவலர்களுக்கு மனம் வரவில்லை. அதற்காகத்தான் பாலப்பூட்டு. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை அது அடைத்துவிடும். பேசத் தெரிந்த இடப்பாதி அரைத் தூக்கத்தில் கிடக்க, வலப்பாதி இடக்கையைக் கொண்டு சண்டை போடும். கருவியைக் கழற்றும்வரை அந்த நினைவு இடப்பாதிக்குப் போகாது. பெருச்சாளிகளுக்குப் பொருத்தி, ஒன்றையொன்று கொல்லவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மனிதர்களுக்கு வைத்தாள்.

தொம்மையின் இடக்கையில் அரிவாள் சுழன்றது. முதலில் வந்தவனின் தோள் பிளந்தது. அடுத்தவன் கும்பிட்டான். கும்பிட்ட கைகளோடு சேர்த்து வெட்டினான்.

எல்லாம் ஓய்ந்து பூட்டைத் திறந்ததும் குனிந்து பார்த்தான். "எக்கா, சட்டையில இது யாரு ரத்தம்?"

"கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

மீன்குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில், பூட்டு வைத்த முதல் பெருச்சாளி தன் இடது முன்னங்காலை எலும்பு தெரியக் கடித்துக் குதறியிருந்தது. அதைக் கொன்று மூளையை அறுத்துப் பார்த்தாள். பூட்டுக்குக் கீழே, முன்பு நூல்போல இருந்த வேறொரு நரம்புக் கற்றை தடித்துக் கயிறாகியிருந்தது. மேல் வழியை அடைத்ததும் பாதிகள் கீழ் வழியாகப் பேசத் தொடங்கிவிட்டன. ஒரு பாதி கொன்றதெல்லாம் மறு பாதிக்கு ஒரேயடியாகத் தெரிந்திருக்கிறது.

நிர்வாகி சற்குணம் கேட்டுவிட்டுச் சிரித்தார். "பெருச்சாளிதானம்மா கடிச்சிருக்கு? ஆளுக கடிக்கலையே!"

தம்பியிடம் ஓடி, கீழ்வழி திறந்துகொள்வதைச் சொன்னாள். "ஏல, அதக் கழட்டிருதேன்."

"கழட்டுனா செஞ்சதெல்லாம் ஞாவகம் வருமா?"

"வரும்."

"அப்ப கெடக்கட்டும்."

அடுத்து சூறையாட வந்த கூட்டத்தில் பெண்களும் இருந்தார்கள். வெட்டிக்கொண்டிருந்த தொம்மை சட்டென்று நின்றான். காலடியில் ஒருத்தி கழுத்தறுந்து கிடந்தாள். அரிவாள் தன் கையில் இருப்பதை அப்போதுதான் பார்த்தான்.

"மாதாவே! இது எங் கை இல்ல!"

வலக்கையால் அரிவாளைப் பிடுங்கினான். இடது மணிக்கட்டை வாசல்கல்லில் வைத்து ஓங்கி வெட்டினான். ஒரு வெட்டில் போகவில்லை. கை தனியே விழும்வரை வெட்டினான். சூறையாட வந்தவர்களே அலறிக்கொண்டு ஓடினார்கள்.

மருத்துவமனையில் கண் விழித்தவன் பூட்டைத் திறக்கவே விடவில்லை. "கண்ண மூடுனா அந்தப் பொம்பள வந்து நிக்கா. கீழ்வழியையும் அடச்சிரு, எக்கா. ஒன் காலப் பிடிச்சிக் கேக்கேன்."

அவனால் தாங்க முடியாதென்று அவளுக்குத் தெரிந்தது. கீழ்வழியை அடைக்கும் ஊசியை எடுத்தாள். அவனுடைய இடது கால் எழும்பி, கருவித் தட்டை உதைத்துத் தள்ளியது.

"நான் ஒதைக்கலக்கா!"

அவன் சொன்னது உண்மை. உதைத்தது வலப்பாதி. மிருகம் என்றுதான் அவள் அதை இதுவரை நினைத்திருந்தாள். வெட்டுப்பட்ட முகங்களையெல்லாம் அது ஒன்றே பார்த்திருக்கிறது, ஒன்றே சுமந்திருக்கிறது. அழ ஒரு துணை கிடைத்ததும் கதவைச் சாத்தப் பார்க்கிறார்கள்.

அந்தக் காலருகே குனிந்தாள். "ஏல, ஒனக்கு வேண்டாமா?"

கால்விரல்கள் அவள் விரலை இறுகக் கவ்விக்கொண்டன.

"யார்கிட்டக்கா பேசுத?" என்றான் தொம்மை. "எக்கா, சீக்கிரம் போடு."

இரண்டுமே அவள் தம்பிதான். ஒருவனுக்கு மட்டும் வாய் இருந்தது.

விரலை விடுவித்துக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டாள். "இடது காலக் கட்டுங்க."

வாரை இறுக்கி முடிக்கும்வரை அந்தக் கால் உதைத்துக்கொண்டே இருந்தது.